முப்பதாவது பிள்ளை

"அந்த வீடு வேண்டாம் டீச்சர். நாய் இருக்கு" என்றார் தலைமையாசிரியர்.

"சத்தத்தையே காணோமே சார்?"

"தூங்குது போல. எழுப்புவானேன்?"

டீச்சர் நிற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபத்தொன்பது பிள்ளைகள். நாளைக்கு மேலிடத்திலிருந்து தலையெண்ண வருகிறார்கள். முப்பது இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியர் இடம் தங்கும். அந்த இரண்டாவது ஆசிரியர் அவள்தான்.

காலையிலிருந்து தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியாயிற்று. மிச்சமிருந்தது இது ஒன்றுதான். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் அவளிடம் மசியவில்லை. தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டபடி கையை உள்ளே நுழைத்து, லேசாகத் தூக்கி ஒரு திருகு திருகினார். திறந்துகொண்டது.

வீட்டுக்காரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தலைமையாசிரியரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு டீச்சரின் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தாள்.

"வாங்க டீச்சர். வாங்க சார். என்ன விஷயம்?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபது வருஷமாகச் சொல்லிவரும் பேச்சு, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். இன்றைக்கென்று நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சரே ஆரம்பித்தாள்.

"உங்க வீட்ல எட்டு வயசுப் பொண்ணு இருக்காமேம்மா. நம்ம ஸ்கூல்ல சேர்க்கலாமே?"

"டவுன் ஸ்கூல்ல படிக்கிறா. பஸ்ல போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தூங்கிக்கிட்டேதான் வந்து இறங்குறா" என்றாள் வீட்டுக்காரம்மா. பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "உங்க ஸ்கூல்ல எத்தனை டீச்சர் சார்?"

"ரெண்டு பேரு."

"அஞ்சு வகுப்புக்கா? நீங்க ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினா மத்த பிள்ளைங்க என்ன செய்யும்?"

"மனசுக்குள்ள படிக்கும்."

"நீங்க பாடம் நடத்துவீங்கல்ல?"

"மேலிடத்துக்கு அறிக்கை எழுதுற நேரம் போக, மிச்ச நேரத்துல."

"மிச்சம் இருக்குதா?"

"மத்தியானம் கொஞ்சம் இருக்கும்."

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின பதினாறு வீடுகளிலும் வானத்தை வில்லாய் வளைத்த மனுஷன், இங்கே மட்டும் குறுக்கு விசாரணையில் மாட்டிய சாட்சிபோல உண்மையாய்க் கக்கிக்கொண்டிருந்தார்.

"கூரை ஒழுகுதாமே? அரசாங்கம் பணம் குடுக்கலையா?"

"குடுத்துச்சு. சுத்துச்சுவர் கட்டுறதுக்குன்னு குடுத்துச்சு. இப்ப ஒழுகுற கூரையைச் சுத்தி நல்ல சுவர் இருக்கு."

"கம்ப்யூட்டர்?"

"மூணு வந்திருக்கு."

"கரண்ட்டு?"

"கேட்டு எழுதியிருக்கோம்."

வீட்டுக்காரம்மாவின் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "என்ன மாதிரிப் பிள்ளைங்க வருது சார்?"

"பாதி, செங்கல் சூளையில வேலை செய்யிறவங்க பிள்ளைங்க. மழை பிடிச்சா சூளையும் நிக்கும், பிள்ளைங்களும் ஊரை விட்டுப் போயிடும். மீதி, டவுனுக்குப் போக பஸ் காசு இல்லாதவங்க."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அதுல ஒரு பொண்ணு கைக்குழந்தைத் தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து பெருக்கல் கணக்குப் போடுது. நான் தப்பாப் போட்டா எழுந்து நின்னு திருத்துது. வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "நீ நல்லாப் பேசுறேம்மா. ஆனா சாரை ஒண்ணு கேக்கணும். சார், வீடு வீடாப் போய்ப் பிள்ளை கேக்குறீங்களே, உங்க பிள்ளை எங்க படிக்குது?"

இருபது வருஷத்தில் எத்தனையோ வாசல்; யாரும் கேட்காத கேள்வி. தலைமையாசிரியர் வெளியே போகும் வழியைப் பார்த்தார்.

"டவுன்ல."

டீச்சர் கையிலிருந்த நோட்டீஸ் கட்டு மெல்லத் தாழ்ந்தது.

"ஏன் சார்?"

"நம்ம ஸ்கூலைப் பத்தி நமக்குத் தெரியுமே." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "அவ அம்மா இங்கயே சேர்க்கலாம்னுதான் சொன்னா. மூணு வருஷமா சொல்றா. நான்தான் கேக்கலை. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, அது மட்டும் வரலை."

உள்ளே குழாயடியில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்தார்.

"இவ்வளவு சொன்னதே பெரிசு" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஃபார்மைக் குடும்மா."

டீச்சர் தன் பேனாவையே கொடுத்தாள். வீட்டுக்காரம்மா நிலைக்கதவில் தாளை வைத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். டீச்சருக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. முப்பது.

வாங்கி ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தாள். "அப்பா பேரு, கையெழுத்து ரெண்டும் விட்டுப்போச்சேம்மா. அவரு எப்ப வீட்டுக்கு வருவாரு?"

தலைமையாசிரியர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு டீச்சர்."