இரண்டாவது ஆள்

பீளமேட்டில் மோட்டார் பம்புகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்துக்கு மென்பொருள் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த ரெஜினா, கழிப்பறைக் கதவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டாள். அதை நடத்தும் நாச்சிமுத்துவைத் தவிர ஒருவரும் இல்லை.

“சார், உங்க லைசென்ஸ் ஒரு ஆளுக்குத்தான். ஆனா எட்டு மாசமா இங்க ரெண்டு பேர் வேலை செய்யறதா சாஃப்ட்வேர் சொல்லுது.”

“நான் ஒருத்தன்தானுங்க.”

சொல்லச் சொல்ல வரையும் அந்த மென்பொருள் சேர்த்துவைத்திருந்த குரல் பதிவை அவள் ஓடவிட்டாள். ‘ஷாஃப்ட் பன்னெண்டு மில்லி போதும்’ என்றது நாச்சிமுத்துவின் குரல். ‘போதாது மாப்ள, அழிச்சுட்டு மறுபடி போடு’ என்றது கரகரப்பான இன்னொரு குரல்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “அதுவும் நாந்தானுங்க. என் கூட்டாளி ராக்கியப்பன் அப்படித்தான் சொல்லுவான். தை மாசம் தவறிட்டான். அவன் லைசென்ஸ நாந்தான் ரத்து பண்ணுனேன். ஆனா அவன் திட்டலைன்னா, வரைஞ்சது சரியான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

ரெஜினா திரையில் ஒரு படிவத்தைத் திறந்தாள்.

“அப்ப பிரச்சினையே இல்ல சார். ‘இங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை’ன்னு இதுல கைரேகை வெச்சுடுங்க. நான் முடிச்சுக்கறேன்.”

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். திரைவரை போன விரல் அங்கேயே நின்றது.

“ரத்து பண்ணுனத மறுபடியும் போட்டுடுங்க அம்மணி,” என்றார். “அவன் பேர்லயே இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவான்.”