இன்னும் கொஞ்சம் வேகம்

"இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கணும்மா."

ரிட்டயர்டு பஸ் டிரைவர் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்ததுமே கடைக்காரிக்குச் சுள்ளென்று ஏறியது. மாற்றித் தரச் சொல்லி வருவது இது மூணாவது தடவை!

பொழுதுபோக்குக்கு ரோபோ செய்கிறவர்களெல்லாம் அவளை 'சர்வோக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரோபோவின் ஒவ்வொரு மூட்டிலும் வைக்கிற குட்டி மோட்டார்தான் சர்வோ. செய்யப்போகிற ரோபோவின் எடையைச் சொன்னால் போதும், எந்த சர்வோ, எந்த பேட்டரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். 'சர்வோக்கா கொடுத்ததை மாத்த வந்தவங்க கிடையாது' என்று பதினெட்டு வருஷமாகக் கட்டிக்காத்த பேர். அதற்குத்தான் இந்த மனுஷன் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

முதன்முதலில் வந்தபோது அவர் கேட்டதே விசித்திரம். எல்லாரும் வேகம் வேணும் என்பார்கள். இவரோ, "நாலு காலு ரோபோம்மா. ஆனா ஃபர்ஸ்ட் கியர்ல போற மாதிரி மெதுவாப் போகணும். சத்தம் கூடாது. ஒரே கையால இயக்கணும்" என்றார்.

"எவ்வளவு நேரம் ஓடணும் சார்?"

"அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல தாங்காது."

"நடக்கறதுக்குச் செய்யறீங்களா, நிக்கறதுக்கா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். வேகம் கம்மி, ஆனால் நல்ல இழுவையுள்ள சர்வோ பன்னிரண்டு. சின்ன பேட்டரி. ரெண்டே பட்டன் வைத்த ரிமோட். கன்ட்ரோலரிலும் வேகத்தை அவளே குறைத்து வைத்தாள். அவர் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பயணிகளை ஏற்றிக்கொண்ட திருப்தியோடு போனார்.

ஒரு மாசத்தில் திரும்ப வந்தார்.

"செகண்ட் கியர் வேணும்மா."

சரி, ஆசை யாரை விட்டது என்று கன்ட்ரோலரில் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தாள்.

அடுத்த மாசம் மறுபடியும் அதே பெட்டி. "பத்து நிமிஷம் ஓடணும். பெரிய பேட்டரியா போட்டுடுங்க."

"பேட்டரி பெரிசானா எடை கூடும். எடை கூடினா சர்வோ முக்கும். இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"முதல்ல எனக்கே தெரியாதேம்மா!"

பின்னால் சால்டரிங் மேஜையில் இருந்த தம்பி சும்மா இருப்பானா? "என்னக்கா, உன் கைராசிக்குக் கண்ணு பட்டுடுச்சா?" என்றான். அன்றைக்கு முழுக்க அவள் அவனோடு பேசவில்லை.

இதோ, இப்போது மூணாவது தடவை.

"கன்ட்ரோலர்ல இனிமே கூட்ட முடியாது சார். இந்த சர்வோவுக்கு வேகமே இவ்வளவுதான். பன்னிரண்டையும் கழட்டி வேற போடணும்."

"போட்டுடுங்கம்மா."

கத்தரிக்காய் மாற்றுகிற மாதிரி சொன்னார்! கடையில் இன்னும் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். "சர்வோக்கா கொடுத்ததையா மாத்தறாங்க?" என்று ஒருத்தர் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

"மெதுவா வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு? நீங்கதானே! இப்ப வேகம் பத்தலைங்கிறீங்க. வெளியில கெடறது எம்பேரு! ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு ஆட்டமா? வேற கடை பாத்துக்குங்க சார்!"

பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

டிரைவருக்குக் கோபம் வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கொடுத்ததுல ஒரு தப்பும் இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வீட்ல உத்தரவு, அதான் சொல்லலை. வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் கையைப் பிடிச்சா உதறுவா. 'பாவம்னு பாக்காதே'ம்பா. பெத்த பொண்ணையே கிட்ட விடலை. படுத்த படுக்கையா ஆயிடுவாளோன்னு பயந்துட்டேன்."

அவர் பெட்டியைத் தடவினார்.

"இந்த நாலுகாலிதான் யாரையும் பாவம்னு பாக்காது. ரிமோட்டை அவ நல்ல கையில கொடுத்தேன். இதை நடக்கவிட்டு, கூடவே நடந்தா. அவ காலுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னுதான் அவ்வளவு மெதுவா கேட்டேன்."

சர்வோக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தள்ளிய பெட்டியை அவளே மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். வாய் நீண்டுடுச்சு. ஆனா... அப்ப இந்த வேகம் எதுக்கு?"

டிரைவர் வாசலைப் பார்த்தார்.

கடைக்கு மூணு படி. ஊன்றுகோலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஓர் அம்மா ஏறிக்கொண்டிருந்தார். தம்பி பதறிப்போய் ஓட எழுந்தான். "உக்காருங்க தம்பி, திட்டு வாங்காதீங்க" என்று டிரைவர் தடுத்தார். அவர் கண் மட்டும் அந்தப் படியைவிட்டு நகரவில்லை.

மூணாவது படியும் ஏறியாயிற்று. அந்த அம்மா மூச்சு வாங்க மேஜையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்த ரோபோவை ஒரு முறை முறைத்தார்.

"நீதான் சர்வோக்காவா? இந்தச் சோம்பேறிக்குக் கொஞ்சம் வேகமான காலா போட்டுக் கொடும்மா. தினம் இது வந்து சேர்ற வரைக்கும் நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது!"