முட்டை பொரிய மூன்று நாள்

“அப்போ, தப்பு எங்க ஆண் மீன் மேல இல்லையா?” என்று கேட்டாள் தமயந்தி.

“பாவம், அதை விட்டுடுங்கக்கா. இதோ, இதுதான் குற்றவாளி” என்று பழுதுபார்க்க வந்த இருதயராஜ் கணினியைக் கழற்றி, தேதியை நினைவில் வைக்கும் பொட்டளவு பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினான். அது செத்து ஒன்பது வருடமிருக்கும் என்றான். அதனால் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் கணினிக்கு அன்று அதே பழைய வருடத்து ஜனவரி ஒன்றுதான். அவள் அதில் ஆடும் பழைய மீன் வளர்ப்பு விளையாட்டிலோ முட்டை பொரிய மூன்று நாள் ஆகும். தமயந்திக்கோ படுக்கப் போகுமுன் கணினியை அணைத்துவிடும் வழக்கம். கறுப்பு மீனுக்கும் செம்மீனுக்கும் பிறந்த முட்டைகள் முதல் நாளைத் தாண்டாமல் இலைமேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் திரைத்தொட்டியில் கூழாங்கல்லை மாற்றிப் பார்த்தாள், பாசி நட்டுப் பார்த்தாள். கடைசியில் ஆண் மீனைத் திட்டத் தொடங்கியிருந்தாள்.

புது பேட்டரியைப் பொருத்திவிட்டு, “இன்னைக்குத் தேதியைப் போட்டுடட்டுமா?” என்றான்.

“ஐயோ! ஒன்பது வருஷப் பட்டினியில எல்லாம் செத்துடும். தேதியை மூணே நாள் முன்னால தள்ளுங்க.”

தள்ளினான். இலை நடுங்கியது. நிறமே இல்லாத குஞ்சுகள் கண்ணாடித் துணுக்குகளாகக் கொட்டின. தமயந்தி கைகொட்டிச் சிரித்தாள், ஆண் மீனிடம் மன்னிப்புக் கேட்டாள், மறுபடி சிரித்தாள். குஞ்சுகளுக்கு நிறம் ஏறுவது மறுநாள்தான். இனி மறுநாள் தானாகவே வரும் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது.

வேறு வீட்டுக்குப் போக வேண்டுமென்று பறந்துகொண்டிருந்த இருதயராஜோ நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அக்கா, ஒரே ஒரு நாள் மட்டும் தள்ளிக்கட்டுமா?”