மைனாக் குஞ்சின் முதல் பேச்சு

நாளைய பறவையினத்தை மனிதக் குரலின் கம்பீரமே உருவாக்கும் என்று வேதமாணிக்கம் நம்பினார். நகரத்தின் ஒரே மைனாக்கூட்டில் தாயில்லாத குஞ்சுக்கு இரையூட்ட ட்ரோன் இருந்தது. பேச்சுத்துணைக்கு, வீட்டுக்கு வீடு முறைவைத்து நேரலைக் கேமரா வழியாகப் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஒரு மணி நேரம் அவருடையது. சட்டை மாட்டி, தொண்டையைச் செருமி, “அன்புப் பறவையே!” என்று ஆரம்பிப்பார்.

இருபது நாளாகியும் குஞ்சு ஒரு சத்தமும் போடவில்லை. குரல் கொடுத்துத் தன் இனத்தைக் கூப்பிடாவிட்டால் பிழைக்காது என்று ஊரே கவலைப்பட்டது.

இன்று காலை அது அலகை விரித்து, “கொர்ர்ர்” என்றது. கூடிருந்த மரத்துக்கு அப்பால், எங்கிருந்தோ பறந்து வந்த இன்னொரு மைனா பதில் கொடுத்தது.

“பொழச்சுக்கிச்சு! அப்படியே உங்களாட்டம் பேசுதுங்க!” என்று மனைவி பிலோமினா கைகொட்டினாள்.

“என் சொற்பொழிவு மாதிரி இல்லையே?”

“அது ரெண்டு நிமிஷந்தானுங்களே.”

மிச்ச ஐம்பத்தெட்டு நிமிடமும் அவர் தினமும் குறட்டை விட்டுத் தூங்கினார்.