நரோங் குடித்த கசாயம்

ஐந்து நாள் மூலிகைக் கசாயம், ஐந்து நாள் வாந்தி. யாபா என்கிற போதை மாத்திரையை விடமுடியாதவர்களுக்கு அந்தத் தாய்லாந்து விகாரையில் இதுதான் வைத்தியம். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே தடவை. மறுபடி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிவேடு எழுதும் பிக்கு சனோன், இந்த வாரம் வந்த நரோங்கைப் போல ஒரு ஆளைப் பார்த்ததில்லை. அறுபது வயது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியைக் கீழே ஊற்ற, இவர் சொட்டு விடாமல் குடித்துக் குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினார்.

"என்னமா கக்குறாருய்யா!" என்று பக்கத்து வாளியில் கக்கிக்கொண்டிருந்தவனே அசந்துபோனான்.

ஐந்தாம் நாள் பிக்கு கேட்டார். "தினம் எத்தனை மாத்திரை போடுவீங்க பெரியவரே?"

"நானா? வெத்தலைகூடப் போட்டதில்ல சாமி. போடுறது என் மகன். கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். இங்க புண்ணியம் பண்ணினா செத்தவங்களுக்கே போய்ச் சேருதே, உயிரோட இருக்கிறவனுக்குச் சேராதா? அதான் அவன் பேரைக் கொடுத்துக் குடிச்சேன்."

பிக்கு பதிவேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு இளைஞன் வாசலில் வந்து நின்றான்.

"நான்தான் நரோங். எங்கப்பா எனக்காக வாந்தி எடுக்கிறார்னு ஊரே சிரிக்குது சாமி. அந்தக் கசாயத்தை எனக்கே கொடுத்துருங்க."

பிக்கு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நரோங்குக்கு இன்னிக்கோட முடிஞ்சுபோச்சே. ஒரு பேருக்கு ஒரு தடவைதான்."

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என் பேரு சும்மாத்தானே கிடக்கு சாமி. தவீன். இவனை அந்தப் பேர்ல எழுதிக்குங்க."