வெறுங்கட்டம்

பின்வளவில் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் இருமி இருமி ஓடுகிறது. மல்லாவி நிவாரண அலுவலகத்தின் ஒரே கணினிக்கு முன்னால் சுகிர்தா நகத்தைக் கடித்தபடி இருக்கிறாள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் விவரங்களை எக்செல் அட்டவணையிலிருந்து தரவுத்தளத்துக்குத் தானாக ஏற்றும் நிரல் அவள் எழுதியதுதான். அதில் ஏறும் பெயருக்குத்தான் இனி அரிசி. திரையில் பச்சைக் கோடு நகர்கிறது. கனகேஸ்வரியின் பெயரில் மறுபடியும் முட்டி நிற்கிறது. குடும்பத் தலைவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இதுவரை அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது, யாரும் கேட்கவில்லை. தரவுத்தளம் வெறுமையை ஏற்காது. எதிர்க் கதிரையின் நுனியில் கனகேஸ்வரி. போன மாரியில் நாயாற்றிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அவளின் மனிசன் இன்னும் கரை திரும்பவில்லை. அவள் நெற்றியில் குங்குமப் பொட்டு வியர்வையில் கசிகிறது, மடியில் கிடக்கும் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் விரலைச் சூப்புகிறது.

"உயிரோடை எண்டு போட்டா, அவர் நேரை வந்து கையெழுத்து வைக்கோணும் அக்கா."

"அவரை நான் எங்கை போய்க் கூட்டிவாறது, தங்கச்சி?"

ஜெனரேட்டர் ஒருமுறை திக்குகிறது. திரை மங்கி மீள்கிறது. எண்ணெய் முடியப்போகிறது. கனகேஸ்வரி குழந்தையைப் பார்க்கிறாள்.

"மற்றதைப் போடுங்கோ. எனக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ."

சுகிர்தா தட்டச்சுகிறாள். பச்சைக் கோடு எங்கும் முட்டாமல் கடைசிவரை வழுக்கிப் போகிறது. திரையின் வெளிச்சம் படாமல், கனகேஸ்வரியின் உள்ளங்கை பொட்டை மூடிக்கொண்டிருக்கிறது.