மூச்சுப் பதிவு

எஸ்தரின் வீட்டைக் கவனித்துவந்த கணினி நிரல் அன்று காலை திடீரென நின்றுபோனது. பழுதுபார்க்க வந்த தங்கச்செல்வன் பிழைப் பதிவின் கடைசி வரியைப் படித்தான்.

"மெமரி நெறஞ்சிட்டுக்கா. யாரோ மூச்சு விடுறத ஒண்ணுவிடாம எண்ணிச் சேத்து வச்சிருக்கு. ஒம்பது வருசமா."

அது யாருடைய மூச்சு என்று எஸ்தருக்குப் புரிந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்த மகள் ஜெனிட்டாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, "இவ மூச்சப் பாத்துக்கோ" என்று நிரலிடம் அழுதபடி அவள்தான் சொல்லியிருந்தாள். போதும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"அழிச்சிரட்டுமாக்கா?"

"மொதல்ல அத எழுப்புங்க தம்பி."

கொஞ்சம் இடம் ஒதுக்கி எழுப்பினான். எஸ்தர் திரையருகே குனிந்தாள். "பிள்ளை நல்லாயிட்டா. இனிமே எண்ண வேண்டாம்."

"இப்ப ரொம்ப மூச்சு வாங்குறாளே?" என்றது நிரல்.

எஸ்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"கயிறு தாண்டுறா," என்றாள்.

எண்ணிக்கை நின்றது.